டொமைனை மாற்ற விடாமல் இழுத்தடித்தால்?

கேள்வி: எங்கள் கடையின் டாட் காம் பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றக் கேட்டால் பழைய நிறுவனம் இழுத்தடிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பதிவில் இருக்கும் மின்னஞ்சல் உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள். பல கடைகளுக்கு அது வெப்சைட் செய்துகொடுத்தவருடையதாகவே இருக்கிறது, சிக்கலே அங்கேதான். பதிவு செய்தோ முன்பு மாற்றியோ 60 நாள் ஆகாவிட்டால் பொறுத்திருக்க வேண்டும். உரிமையாளர் பெயரைத் திருத்தினாலும் அதே 60 நாள் பூட்டு விழக்கூடும் என்பதால், பெயர்த் திருத்தத்தை ரெஜிஸ்ட்ராரை மாற்றியபின் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத்துக்குத் தேவையான ரகசியக் குறியீட்டை (ஆத் கோடு) கேட்ட 5 நாளுக்குள் பழைய நிறுவனம் தந்தாக வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐகானின் விதி. ‘அடுத்த ஆண்டுக்கும் பணம் கட்டினால்தான் தருவோம்’ என்பது அப்பட்டமான அநியாயம், இணங்காதீர்கள். தேதியோடு உள்ள மின்னஞ்சல்களை இணைத்து ஐகானிடம் புகார் கொடுங்கள். டாட் காம் மாற்றும்போது பதிவுக்காலம் ஓராண்டு கூடும், கட்டிய பணம் வீணாகாது.