மேப்பிள் சாறு காத்திருக்குமா?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குளிர்காலம் முடியும் தறுவாயில் மேப்பிள் மரங்களில் துளையிட்டுச் சாறு வடிக்கிறார்கள். தண்ணீர் போன்ற இச்சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதமே. 1 லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வேண்டும். அது சேரும்வரை காத்திருக்க வேண்டுமே! சிக்கல் அங்கேதான். மரத்தைவிட்டு வெளியே வந்ததும் சாற்றில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பெருகி, சுக்ரோசை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று உடைக்கின்றன. கொதிக்கும்போது இவ்விரண்டும் சாற்றிலுள்ள அமினோ அமிலங்களுடன் வினைபுரிந்து பாகைக் கருமையாக்கும். சாறு மேலும் கெட்டால் பாகு கோழைபோல் நூலிழுக்கும்!

நம் பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு செய்யும் வேலையை அங்கே குளிர் செய்கிறது. தொட்டியை நிழலில் வைத்து, சுற்றிலும் வெண்பனியைக் குவிப்பார்கள். 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே நுண்ணுயிர்கள் மெதுவாகவே பெருகும். வெயில் ஏறிய நாளில் அன்றே காய்ச்சிவிடுவார்கள்.