பாட்டு ஏன் பாதியில் நிற்கிறது?

மாணவர் ஒருவர் தாமே செய்த ஆம்ப்ளிஃபயரை என்னிடம் கொண்டுவந்தார. ஓரிரு நிமிடம் பாடும், நின்றுவிடும். ஆறியபின் மீண்டும் பாடும். ஸ்பீக்கரை இருமுறை மாற்றிவிட்டார், பாவம்! கோளாறு இருந்ததோ மின்வழங்கியில்.

அவருடையது 18 வோல்ட் மின்மாற்றி. மாறுமின்னழுத்தத்தின் உச்சம் இதைப்போல் 1.41 மடங்கு, அதாவது 25 வோல்ட். டையோடுகளில் 1.4 வோல்ட் போக, மின்தேக்கியில் ஏறத்தாழ 24 வோல்ட் நிற்கும். 7812 சீராக்கி தருவதோ 12 வோல்ட். மீதி 12 வோல்ட் எங்கே போகும்? அரை ஆம்பியர் ஓடினால் 12 × 0.5 = 6 வாட், சீராக்கியிலேயே வெப்பமாகும். வெப்பத்தகடு இல்லாவிட்டால் வாட்டுக்குச் சுமார் 50 டிகிரி சூடேறும். கணக்குப்படி 300 டிகிரி! அதற்கு வெகு முன்பே சீராக்கியின் உட்பாதுகாப்பு மின்னோட்டத்தைத் தடுத்துவிடுகிறது.

15 வோல்ட் மின்மாற்றி போட்டால் வீணாவது 4 வாட்டாகக் குறையும். 12 வோல்ட் இன்னும் நல்லதல்லவா என்பீர்கள். ஆகாது. மின்தேக்கியின் அழுத்தம் ஏறி இறங்கும்போது 14 வோல்ட்டுக்குக் கீழே போனால் சீராக்கி தடுமாறும். பாட்டோடு 100 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கேட்கும்.

மாணவர் மின்மாற்றியை மாற்றி, அலுமினியத் தகட்டை வெப்பப்பசை தடவித் திருகினார். தகடு இப்போதும் சுடுகிறது, பாட்டு நிற்பதில்லை.