பெயர் வேண்டாத் தொண்டு

பிறர்க்குத் தொண்டு செய்தல் நன்று என்பதை அறியாத மாணவன் நம் பாடசாலைகளில் ஒருவனும் இலன். ஆயினும், தொண்டாவது யாது, அஃது எவ்வாற்றாற் சிறக்கும், எவ்வாற்றாற் கெடும் என்று வினவின், ஆசிரியராகிய நாமே சிறிது தயங்குவோம். கட்டுரைப் பயிற்சியில் மாணவர் எழுதும் தொண்டு பெரும்பாலும் பொருளுடையார் இல்லார்க்கு ஈவதாகவே முடிகின்றது. ஈவோன் உயர்ந்து நிற்க, ஏற்போன் தாழ்ந்து நிற்கும் காட்சியையே அவர்கள் தொண்டென்று கொள்கின்றனர். இக்கருத்தைத் திருத்துதல் நம் கடமை. அதன்பொருட்டு ஒரு பழைய சரிதத்தையும், புத்தளக் கரையோரத்தில் நம் காலத்து நிகழ்ந்த ஒரு செய்தியையும் இங்கே ஆராய்வாம்.

பெரியபுராணத்திற் சேக்கிழார் கூறும் அப்பூதியடிகள் வரலாறு ஆசிரியர் யாவரும் அறிந்ததே. திங்களூரில் வாழ்ந்த அவ்வந்தணர் வழிச்செல்வோர்க்குத் தண்ணீர்ப்பந்தர் அமைத்தார். அதற்குத் தம் பெயரை இடாது, தாம் நேரிற் கண்டறியாத திருநாவுக்கரசரின் பெயரை இட்டார். தம் மக்கட்கும், ஆவிற்கும், அளவைகட்கும் அப்பெயரையே வைத்தார். அவ்வழியே வந்த நாவரசர், நும் பெயரை எழுதாது வேறொரு பெயரை எழுதியது என்னையென வினவியபோது, வந்தவர் இன்னாரென அறியாத அடிகள் சினந்தார் என்பது வரலாறு. இதனை அடியார் பத்திக்கு எடுத்துக்காட்டாகவே கற்பித்து வருகின்றோம், அது பொருந்தும். அதனுள் மற்றுமொரு பாடமும் உண்டு. அப்பந்தரில் நீர் பருகுவோன், தந்தவன் யாவன் என்று தேடி வணங்க வேண்டுவதில்லை. நாணாது பருகி நடக்கலாம். செய்தவன் பெயர் மறைந்த இடத்திற் பெற்றவன் மானம் நிலைபெறுகின்றது.

இனிப் புத்தளக் கரைக்கு வருவாம். சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்திலிருந்து வடக்கே உடப்பு, முந்தல், புத்தளம் எனச் சென்று, களப்பின் மேற்கே கற்பிட்டித் தீபகற்பம் வரை நீளும் இக்கரையிற் சைவரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் பௌத்தரும் அயலவராய் வாழ்கின்றனர். உடப்பிற் கரைவலை இழுப்பாரைக் கண்டவர் தொண்டின் இலக்கணத்தைக் கண்ணாற் கண்டவராவர். இருமருங்கும் கயிற்றைப் பற்றி நின்று, அம்பாப் பாடலின் நடைக்கு ஏற்ப எல்லோரும் ஒருங்கே இழுப்பர். வலை கரையேறிய பின், இஃது என் கைவலியால் வந்தது என்று ஒருவன் பிரித்துக் கூற இயலுமோ? ஒரு கை தளரும்போது அதன் பாரத்தை அடுத்த கை ஏற்றுக்கொள்கின்றது. எக்கை தளர்ந்தது, எக்கை ஏற்றது என்பதைக் கயிறு மறைத்துவிடுகின்றது.

இத்தகைய கரை 1990ஆம் ஆண்டு ஒரு பெரும் சோதனையைக் கண்டது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில், தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை அவர்தம் ஊர்களினின்று வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரமே. 70,000க்கு மேற்பட்டோர் வீடும் நிலமும் இழந்தனர். அவருட் பெரும்பாலார் புத்தளப் பகுதியை அடைந்தனர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். இது தமிழ் மக்கள் பெயரால், தமிழையே தாய்மொழியாகப் பேசும் அயலவர்க்கு இழைக்கப்பட்ட தீங்கு. இதனை மாணவர்க்கு மறைத்துவிட்டுத் தொண்டைப்பற்றிப் பேசுவோமாயின், நம் பாடம் பொய்யாய் முடியும்.

வந்தோரை ஏற்றவருட் பெரும்பாலார் அப்பகுதி முஸ்லிம் மக்கள். அவருட் செல்வர் சிலரே. மீன்பிடித்தும், உப்பளத்திற் கூலி செய்தும், தென்னந்தோட்டங்களில் உழைத்தும் உண்பவர் பலர். அவர்கள் சோறு சமைத்தனர். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். தம் வளவுகளிலும் தோட்டங்களிலும் கிடுகுக் குடில் அமைக்க இடந்தந்தனர். கிணற்று நீரையும் பகிர்ந்தனர். நீர்ப்பகிர்வின் அருமை அம்மணலை அறிந்தார்க்கே விளங்கும். கற்பிட்டித் தீபகற்பத்து மணலடியில், மழையால் ஊறிய நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாகத் தங்கியுள்ளது. அளவிறந்து இறைப்பின், கீழுள்ள உவர் மேலெழும். ஆதலின் அங்கே கிணற்றை அயலானுக்குத் திறந்துவிடுவோன் தன் நாளைய நீரையே ஈகின்றான். மிச்சத்தை ஈதலினும் இஃது எத்துணை மேலானது! பாடசாலைகளும் அவ்வாறே பகிரப்பட்டன. சிலவற்றில் ஊர்ப்பிள்ளைகள் காலையிலிருந்த வாங்குகளிலேயே வந்த பிள்ளைகள் பிற்பகலில் அமர்ந்து கற்றனர்.

இவ்விடத்து ஒன்றை நாம் ஒளியாது கூறல் வேண்டும். முதல் வாரத்து அன்பு எளிது. வந்தோரோ ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. உலக வங்கியின் உதவியோடு நிரந்தர வீட்டுத் திட்டம் 2007ஆம் ஆண்டில் தொடங்கியபோது, 17 ஆண்டுகள் கழிந்திருந்தன. இதற்கிடையே கூலிவேலைக்குப் போட்டி எழுந்தது; நிலமும் நீரும் நெருக்கடியாயின; உதவிகள் வந்தோர்க்கே செல்கின்றன என்ற மனக்குறையும் ஊராரிடத்துத் தோன்றியது. அக்குடில்களிற் பிறந்து அவ்வூரையன்றி வேறூர் அறியாத பிள்ளையையும் 'அகதி' என்றழைக்கும் வழக்கம் உண்டாயிற்று. ஏற்றவர் தம் பெயரை மறந்து செய்த நற்றொண்டின்மேல், வந்தவர் பெயரையும் மறக்கச்செய்த ஒரு சொல் வந்து விழுந்தது.

இதனால் நாம் அறியக்கிடப்பது யாது? தொண்டு செய்வோன் தன் பெயரை மறத்தல் தொண்டின் பாதி. ஏற்போனை அவன் பெயராலேயே அழைத்தல் மற்றைப் பாதி. ஏழை, அகதி, அநாதை என்னும் பொதுச்சொல்லால் ஒருவனைச் சுட்டியவுடன், நம் கைச்சோறு அவன் தொண்டைக்குட் செல்லாது. இவனுக்கும் தந்தை இட்ட பெயருண்டு, விட்டுவந்த வீடுண்டு, கற்ற தொழிலுண்டு என்று நினைந்து கொடுப்பின், அதே சோறு விருந்தாகும். இப்பாடத்தைப் பிற சமயத்தாரிடமிருந்து கற்றோம் என்பதில் நமக்குக் குறைவொன்றுமில்லை. தாகத்திற்குச் சமயம் இல்லாதது போலத் தண்ணீருக்கும் இல்லை.

ஆசிரியர்காள்! இதனைக் கரும்பலகையில் எழுதுவதினும் செய்து காட்டுதலே தகும். வகுப்பின் வாயிலில் ஒரு மண்பானை வையுங்கள். காலையில் முந்தி வரும் மாணவர் முறையாக அதனை நிரப்புக, இன்று நிரப்பியவன் யார் என்று ஒருவரும் கேளற்க, புகழவும் வேண்டா. அவ்வாறே, இடைநடுவில் நம் வகுப்பிற் சேரும் பிள்ளை எவ்வூரிலிருந்து எக்காரணத்தால் வந்ததாயினும், முதல்நாளிலேயே அதன் பெயரைக் கேட்டறிந்து, நாளும் அப்பெயரால் அழையுங்கள். புதுப்பிள்ளை நாணாது சென்று அப்பானையில் நீர் முகந்து பருகும் நாள் ஒன்று வரும். அன்று, தொண்டு இன்னதென்பதை நம் மாணவர் கற்றுவிட்டனர் என்று நாம் மகிழலாம்.