பொருளாகக் கொடுத்த நன்கொடைக்கு வரி குறையுமா?

வீட்டைத் திருத்திக் கட்டும்போது பழைய அலுமாரி, கட்டில், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றை அநாதை இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ அனுப்பி விடுகிறோம். வெள்ளம் வந்தால் கடையிலிருந்தே பாய், தலையணை, சமையல் பாத்திரங்களை லொறியில் ஏற்றுகிறோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கிய வேளையிலும் நம் வர்த்தகர்கள் இதையே செய்தார்கள். பின்னர் வருமான வரி விபரத்திரட்டு நிரப்பும் காலம் வரும்போது, "இவ்வளவு பொருள் கொடுத்தோமே, வரியில் எவ்வளவு குறையும்?" என்று கணக்காளரிடம் கேட்கிறார்கள். பெரும்பாலானோருக்குக் கிடைக்கும் பதில், "ஒன்றும் குறையாது" என்பதுதான்.

இது ஏன் என்பதைக் கொடுத்த பின்னர் அறிவதைவிடக் கொடுப்பதற்கு முன்னர் அறிந்து கொள்வது பயனுள்ளது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் வாழும் உறவினர்கள் பழைய சோபாவையும் உடுப்புகளையும் தர்ம நிறுவனங்களுக்குக் கொடுத்து வரிக் கழிவு பெறுவதாகச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அது உண்மைதான். ஆனால் அங்கும் நிபந்தனைகள் பல. செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு வரி செலுத்துவோருக்கு மாத்திரமே பொருளுக்கான கழிவு உண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின்னர் உடுப்பும் வீட்டுப் பொருளும் பொதுவாக நல்ல நிலையில் இருக்க வேண்டும். வாங்கிய விலையைக் காட்ட முடியாது. பழைய பொருள் கடையில் அது என்ன விலைக்குப் போகுமோ அதுவே கணக்கு. 250 டொலரும் அதற்கு மேலும் என்றால் நிறுவனத்தின் எழுத்து மூல அத்தாட்சி தேவை. பொருட்களின் மொத்தக் கழிவு 500 டொலரைத் தாண்டினால் தனிப் படிவம் இணைக்க வேண்டும். 5,000 டொலரைத் தாண்டினால் பொதுவாகத் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும்.

அந்த நாட்டுச் சட்டத்தை இங்கே பொருத்திப் பார்ப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

நமது சட்டம் சொல்வது

இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை இதனைக் கூறுகிறது. வரிக்குரிய வருமானத்தைக் கணிக்கும்போது கழிக்கக்கூடிய நன்கொடைகள் "தகைமைபெறும் கொடுப்பனவுகள்" எனப்படும். அவற்றில் நமக்கு முக்கியமானவை இரண்டு வகை.

முதலாவது, அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குக் கொடுப்பது. இங்கே சட்டம் "பணமாக" என்று தெளிவாகச் சொல்கிறது. பொருளாகக் கொடுத்தால், அது எவ்வளவு பெறுமதியானதாக இருந்தாலும் கழிவு இல்லை. பணத்துக்கும் எல்லை உண்டு. தனிநபருக்கு 75,000 ரூபா அல்லது வரிக்குரிய வருமானத்தின் மூன்றில் ஒரு பங்கு, இவற்றில் எது குறைவோ அது. கம்பனி போன்றவற்றுக்கு 500,000 ரூபா அல்லது வரிக்குரிய வருமானத்தின் ஐந்தில் ஒரு பங்கு, இவற்றில் எது குறைவோ அது. தனி உரிமையாளராகக் கடை நடத்துபவர் சட்டத்தின் பார்வையில் தனிநபரே.

இரண்டாவது, அரசாங்கத்துக்கோ மாநகர சபை, பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றத்துக்கோ அரச பல்கலைக்கழகத்துக்கோ கொடுப்பது. இதனைப் "பணமாகவோ வேறு விதமாகவோ" கொடுக்கலாம். மேலே சொன்ன 75,000 ரூபா எல்லை இதற்குக் கிடையாது. ஆகவே பொருளாகக் கொடுத்து வரிக் கழிவு பெற விரும்புபவருக்குத் திறந்திருக்கும் வழி இதுவே.

யார் "அங்கீகரிக்கப்பட்டவர்"?

நல்ல காரியம் செய்யும் எல்லாச் சங்கங்களும் இதில் அடங்கா. நோயாளிகளையோ வறியோரையோ தங்க வைத்துப் பராமரிக்கும் நிறுவனமாக அது இருக்க வேண்டும். அத்துடன் வர்த்தமானி மூலம் அங்கீகாரமும் பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் வேறு, இந்த அங்கீகாரம் வேறு. பள்ளிவாசல் கட்டட நிதிக்குக் கொடுத்த பணம், ஏழை அயலவருக்குக் கொடுத்த ஸகாத், உறவினரின் மருத்துவச் செலவுக்குக் கொடுத்த உதவி ஆகியன இந்த வகைக்குள் வரமாட்டா. அவற்றின் கூலி வேறிடத்தில் இருக்கிறது. விபரத்திரட்டில் அவற்றுக்கு இடமில்லை.

ஒரு கணக்கு

ஒரு தளபாட வியாபாரியின் ஆண்டு வருமானம் 36 இலட்சம் ரூபா என்று வைத்துக் கொள்வோம். 2025 ஏப்ரல் முதலாம் திகதி தொடக்கம் நடைமுறைக்கு வந்த 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணத்தைக் கழித்தால் எஞ்சுவது 18 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதப்படி 60,000, அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதப்படி 90,000, மீதி 3 இலட்சத்துக்கு 24 வீதப்படி 72,000. மொத்த வரி 222,000 ரூபா.

இவர் 2 இலட்சம் ரூபா பெறுமதியான கட்டில்களை அங்கீகரிக்கப்பட்ட முதியோர் இல்லமொன்றுக்குக் கொடுத்தால் வரி 222,000 ரூபாவாகவே இருக்கும். அதே இல்லத்துக்கு 2 இலட்சத்தைப் பணமாகக் கொடுத்தால் 75,000 ரூபா மட்டும் கழிபடும். அதனால் குறையும் வரி 18,000 ரூபா. 2 இலட்சம் பெறுமதியான அதே கட்டில்களை அரசாங்க வைத்தியசாலைக்குக் கொடுத்து, அரசாங்கத்துக்கான நன்கொடையாக உரிய ஆவணமும் பெற்றால் 2 இலட்சமும் கழிபடும். குறையும் வரி 48,000 ரூபா.

கொடை ஒன்றுதான். கொடுத்த இடமும் கொடுத்த விதமும் கணக்கை மாற்றுகின்றன. எனினும், வரி குறைகிறது என்பதற்காக மாத்திரம் கொடுப்பவருக்கு இது இலாபமல்ல. 2 இலட்சம் கொடுத்தால் திரும்பி வருவது 48,000 ரூபாதான்.

கவனிக்க வேண்டியவை

1. பழைய வீட்டுப் பொருளைத் தர்ம நிறுவனத்துக்கே கொடுக்க விரும்பினால், அதனை விற்று வந்த பணத்தை நிறுவனத்தின் பெயருக்குக் காசோலையாகக் கொடுக்கலாம். ஆனால் அந்த இல்லத்துக்குக் கட்டில்தான் அவசரத் தேவை என்றால் கட்டிலையே கொடுங்கள். தேவையுள்ளவரின் நிலை வரிக் கணக்கை விட முந்தியது.

2. பொருளைக் கொடுத்துவிட்டு, "பணம் பெற்றதாகப் பற்றுச்சீட்டு எழுதித் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். இது பொய் ஆவணம். விசாரணை வந்தால் கொடுத்தவரோடு, அந்த நிறுவனத்தின் அங்கீகாரமும் ஆபத்துக்குள்ளாகும். சில ஆயிரம் ரூபாவுக்காக ஓர் அநாதை இல்லத்தின் பெயரைப் பணயம் வைப்பது எந்த வகையிலும் நியாயமல்ல.

3. கடைச் சரக்கிலிருந்து எடுத்துக் கொடுத்ததை வியாபாரச் செலவாக எழுத வேண்டாம். வருமானம் ஈட்டுவதற்காக ஏற்பட்ட செலவே வியாபாரச் செலவு. இருப்பிலிருந்து எடுத்த பொருளைத் தனியாகப் பதிந்து வையுங்கள். இல்லாவிட்டால் இருப்புக் குறைவுக்கு விளக்கம் சொல்ல நேரிடும்.

4. அரச நிறுவனத்துக்குக் கொடுக்கும்போது, பொறுப்பான அதிகாரியின் கையொப்பத்துடன் ஏற்புக் கடிதம் பெறுங்கள். பொருளின் விபரம், எண்ணிக்கை, பெறுமதி, திகதி ஆகியன அதில் இருக்க வேண்டும். வைத்தியசாலையின் நலன்புரிச் சங்கம் வேறு, வைத்தியசாலை வேறு. சங்கத்தின் பற்றுச்சீட்டை அரசாங்கத்துக்குக் கொடுத்ததற்கான ஆதாரமாகக் கொள்ள முடியாது.

5. பாவித்த பொருளுக்குப் புதிய விலையைப் போடாதீர்கள். இன்று சந்தையில் அது பெறும் விலையே பெறுமதி. வாங்கிய பற்றுச்சீட்டு இருந்தால் ஏற்புக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள்.

6. மதிப்பாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஏப்ரல் 2ஆம் திகதி கொடுத்த காசோலை முந்திய ஆண்டுக்கு உதவாது. விபரத்திரட்டை நவம்பர் 30க்கு முன்னர் சமர்ப்பிக்க வேண்டும். ஆவணங்களைக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் பத்திரப்படுத்துங்கள்.

பெரிய தொகை கொடுக்க முன்னர் அந்த நிறுவனத்திடம் அங்கீகாரத்தைக் குறிப்பிடும் வர்த்தமானியின் பிரதியைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. முறையாக இயங்கும் நிறுவனம் அதனை மகிழ்ச்சியோடு காட்டும். காட்ட முடியாதென்றால், விரும்பினால் கொடுங்கள். ஆனால் அந்தத் தொகையை விபரத்திரட்டில் எழுதாதீர்கள்.