வீட்டிலும் இருப்பெடுப்போம்



கடையில் ஆண்டுக்கொருமுறை இருப்பெடுக்கிறோம். ஓடாத சரக்கைக் கழிக்கிறோம். வீட்டை மட்டும் கிட்டங்கியாக்கி வைத்திருக்கிறோம்.

எங்கள் வாப்பா மவுத்தான பின் அவர்களுடைய அலமாரியைக் காலி செய்தோம். பழைய பில் கட்டுகளுக்கிடையே, துணியில் முடிந்த ஒரு ஜோடிக் காப்பு கிடைத்தது. யாரோ ஒப்படைத்த அமானிதம்! பெயருமில்லை, சீட்டுமில்லை. ஊருக்கெல்லாம் எழுதிக் கேட்டோம்; உரியவர் இன்றளவும் அகப்படவில்லை. அன்று கற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறோம்.

முதலாவது: ஒரு நாளைக்கு ஓர் அலமாரி. சாமான்களை வெளியே எடுத்து நான்காகப் பிரிக்கவும்: வைப்பது, கொடுப்பது, கழிப்பது, பிறருடையது. கொடுக்கும் துணி நாமே உடுத்தத் தக்கதாயிருக்கட்டும். கிழிசலைக் கொடுப்பது தர்மமாகாது.

இரண்டாவது: கணக்கு ஏடுகள். வரிச் சட்டப்படி அவற்றைச் சிங்கப்பூரில் 5 ஆண்டும், மலேசியாவில் 7 ஆண்டும் வைத்திருக்க வேண்டும். அந்தந்த வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து எண்ணவும். தவணை கடந்ததையும், உள்ளே கடன் சீட்டு இருக்கிறதாவெனப் புரட்டிப் பார்த்தே கழிக்கவும்.

மூன்றாவது: நடைபாதை. சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். தீப்பிடித்தால் தப்பும் வழி அதுவே.

நான்காவது: பிறர் பொருளுக்குத் தனிப் பெட்டி. பெயர், ஊர், தேதி எழுதி, வீட்டாரிடமும் சொல்லி வைக்கவும். நமக்குப் பின் பதில் சொல்லப் போகிறவர்கள் அவர்களே.

இன்றிரவு கடை சாத்தியதும் ஓர் அலமாரியைத் திறப்போமாக.