ஹைட்ரஜன் பங்க்: எவ்வளவு பணம், யாருக்கு?

“ஹைட்ரஜன் வண்டிக்கு மத்திய அரசு இருபதாயிரம் கோடி ஒதுக்கிவிட்டது, இனி நான்குவழிச் சாலையெங்கும் பங்க்தான்” என்ற நம்பிக்கை திண்டுக்கல் நாகல் நகர் வரை வந்திருக்கிறது.

தொகை ஏறக்குறைய சரி. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மதிப்பு 19,744 கோடி ரூபாய். ஆனால் அதில் 17,490 கோடி, ஹைட்ரஜன் தயாரிப்போருக்கும், தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் எலக்ட்ரோலைசரைச் செய்வோருக்குமான ஊக்கத்தொகை. பஸ், லாரி, நிரப்பு நிலையம் ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்க 2024 பிப்ரவரியில் அறிவித்தது 496 கோடிதான். 2025 மார்ச்சில் ஐந்து திட்டங்களுக்குச் சுமார் 208 கோடி அனுமதியானது: 37 வண்டிகள், 9 நிலையங்கள், பத்து வழித்தடங்கள். திருவனந்தபுரம்–கொச்சி பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டு வழித்தடம் ஒன்றுகூட இல்லை.

உற்பத்திக்கு ஏன் இவ்வளவு? “தண்ணீரில்தானே எடுக்கிறார்கள், செலவென்ன?” என்று கேட்பவர்கள் மின்சாரத்தை மறந்துவிடுகிறார்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்கவே ஐம்பது யூனிட்டுக்கு மேல் வேண்டும். பிறகு அதை அழுத்தி நிரப்பத் தனிச் செலவு. விலை இறங்காவிட்டால், மானியத்தில் கட்டிய பங்க்கும் பூட்டித்தான் கிடக்கும்.

ஹைட்ரஜன் வண்டி என்றால் வெடிகுண்டை ஏற்றிக்கொண்டு ஓடுவது போல என்ற பயம் பாதிதான் சரி. காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசான வாயு, திறந்த வெளியில் சட்டென்று மேலேறிக் கலைந்துவிடும். மூடிய கொட்டகையில் தேங்கினால் ஆபத்து. 2019 ஜூனில் நார்வேயின் சான்ட்விகா நிரப்பு நிலையம் வெடித்ததற்குக் காரணம், உயர் அழுத்தக் கலனின் அடைப்பைச் சரியாகப் பொருத்தாததுதான். அதனால் பயிற்சிபெற்ற ஃபிட்டருக்கும் ஆய்வாளருக்கும் அரசுப் பணம் போயாக வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் இடமே இல்லை என்பதும் தவறு. 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தது சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலை. அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 3.87 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் மாதிரி ஆலை திறந்தது. அங்கே எடுக்கும் ஹைட்ரஜனிலிருந்து கிடைக்கும் மின்சாரம் தெருவிளக்குகளுக்கும் மின்வாகன சார்ஜிங்குக்கும் போகிறது.

வாயு உற்பத்தியாகும் அந்தத் துறைமுகத்திலிருந்து மதுரை வழியாகத் திண்டுக்கல் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் காய்கறி லாரிகள் நாள்தோறும் கேரளத்துக்குப் போகின்றன. அங்கே நிலையங்கள் எழும்போது இந்தப் பக்கத்திலும் ஒன்றாவது இருந்தால்தான் அந்த லாரிகளுக்கு அது பயன்படும். அடுத்த சோதனைப் பட்டியலில் தூத்துக்குடி–திண்டுக்கல் சாலையைச் சேர்க்க மாநில அரசு இப்போதே கேட்க வேண்டும்.