எந்த ஸ்பூன்?

அன்புள்ள மாணவிக்கு,

ஆர்.கே.பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து மருந்தியல் படிக்கிற நீ போன வாரம் கேட்ட கேள்வியை உன் வாத்தியார் சிரித்துத் தள்ளிவிட்டார். "ஐயா, சீட்டுல ஒரு ஸ்பூன்னு எழுதியிருக்கே, எந்த ஸ்பூன்?" என்றாய். அன்று ராத்திரி மனிதருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடுக்களையில் இருந்த ஸ்பூன்களையெல்லாம் அள்ளி மேசையில் பரப்பி, ஊசி கழற்றிய சிரிஞ்சால் தண்ணீர் விட்டு ஒவ்வொன்றாக அளந்தார். காபி ஸ்பூன் மூன்றரை மில்லியில் வழிந்தது. பாயச ஸ்பூன் ஒன்பது மில்லி வரை வாங்கிக்கொண்டது.

மருந்துக் கணக்கில் தேக்கரண்டி என்றால் 5 மில்லி. கிரேக்க நாட்டில் அட்டிகா பகுதி வீடுகளின் தேக்கரண்டிகளை அளந்து 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சின்னது 2.5 மில்லி, பெரியது 7.3. ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம்! ஆக, பேர் தெரிந்த ஆய்வாளர்களும் உன் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

பாராசிட்டமாலை எடுத்துக்கொள். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது உனக்குத் தெரியும். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150-ஐத் தாண்டக் கூடாது. ஆனால் கடையில் அதே பெயரில் மூன்று பாட்டில் நிற்கிறது: 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப், 5 மில்லியில் 250 உள்ள சிரப், ஒரே மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து ஒரு தாய் 5 மில்லி ஊற்றினால் உள்ளே போவது 500. நாலு வேளை கொடுத்தால் ஒரே நாளில் 2000. காய்ச்சல் இறங்கும், குழந்தை விளையாடும், வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஈரல் கெட்டது இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் வெளியே தெரியும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் முதல் எட்டு மணி நேரத்துக்குள் போனால்தான் முழுப் பலன். "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

இங்கே வாத்தியாரின் பழைய பைத்தியம் கொஞ்சம் தலைகாட்டும், பொறுத்துக்கொள். சித்த மருந்துச் சுவடிகளில் திரிகடிப் பிரமாணம் என்று ஓர் அளவு உண்டு, மூன்று விரல் நுனியில் எடுக்கிற பொடி. யாருடைய விரல் என்று ஒரு வைத்தியர் கேட்டிருப்பார் அல்லவா? அதனால்தான் குன்றிமணி எடை வந்தது போலும். ஏறத்தாழ 130 மில்லிகிராம். அந்தக் குன்றிமணியே விஷம் என்பது வேடிக்கை. ஓடு உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றால் ஆளைக் கொல்லவும் கூடும். நம் பாட்டிகள் பாலாடையில் உரைமருந்து புகட்டினார்களே, அதுகூட ஒரு வீட்டில் ஒரே பாலாடைதான். இன்று ஸ்பூன் டப்பாவில் கை விட்டால் எது வருகிறதோ அது.

2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப் இருமல் சிரப் பற்றி எல்லோரும் பேசினார்கள். சுங்குவார்சத்திரத்தில் தயாரான மருந்து. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதி 0.1. எந்த ஸ்பூனால் அளந்தாலும் அது விஷம்தான். பெற்றோரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் "கம்பெனி நல்ல கம்பெனியா?" என்று கேட்கிறார்களே தவிர, "எத்தனை மில்லி?" என்று கேட்பதைக் காணோம். இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்தே வேண்டாம், ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் அப்போது சொன்னதும் காற்றோடு போய்விட்டது.

வீட்டில் ஏனம் மாறுவதுதான் பாதி வினை, ஸ்பூன் அதில் ஒன்று. தறிக்கு விடுகிற எண்ணெய், மண்ணெண்ணெய், ப்ளீச்சிங் கரைசல், எல்லாம் உங்கள் தெருவில் குளிர்பான பாட்டிலில்தான் குடியிருக்கின்றன. பாட்டியின் சர்க்கரை மாத்திரை சுருக்குப்பையில். கிளிபென்கிளமைட் ஒன்றே ஒன்று போதும், இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரை அபாயமாக இறங்கிவிட. இதற்கு மேல், மருந்து குடிக்க அடம்பிடிக்கிற பிள்ளையிடம் "மிட்டாய்டா கண்ணா" என்று சொல்லிக் கொடுக்கிற அறிவாளிகளை என்ன செய்ய?

அப்புறம், விஷத்தை வாந்தியாக எடுக்க ஊற்றுகிற அந்த உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் வைத்தியம். குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. வயிற்றில் இருப்பதைவிட அது நுரையீரலில் இறங்குவதுதான் கொல்லும். காஸ்டிக் சோடா திரும்பி வந்தால் தொண்டையை இன்னொரு முறை வேக வைக்கும். அக்கம்பக்கத்துக் கிழவி எத்தனை பெரியவளாக இருந்தாலும் இதை அவளிடம் சொல்லிவிடு. 108-க்கு அடி, பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போகச் சொல். டெல்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையம் 1800 116 117-ல் இரவும் பகலும் பதில் சொல்கிறது.

கடையில் பயிற்சிக்கு நிற்கும்போது, சிரப்போடு வருகிற அளவு மூடியில் உரிய கோட்டைப் பேனாவால் தடித்துக் காட்டிக் கொடு. முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். தீபாவளி லீவில் உங்கள் வீட்டு ஸ்பூன்களை அளந்து எழுதி அனுப்பு. பாயச ஸ்பூனை விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் வாத்தியார்